சஸ்பெண்ட் ஆன விளம்பரக் கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கட்டாதீர்கள்

பவானி ஜமுக்காளமும் சென்னிமலை பெட்ஷீட்டும் விற்கும் சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது. ஆர்டரில் பெரும்பகுதி ஒரே விளம்பரத் தளத்தை நம்பித்தான். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் சீசன். சரியாக அப்போது பார்த்து கணக்கை சஸ்பெண்ட் செய்தார்கள். மெயிலில் இருந்த காரணம் ‘தவறாகச் சித்தரித்தல்’. எந்தப் பொருள், எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கொள்கைப் பக்கத்துக்கு ஒரு லிங்க் மட்டும். அங்கே போனால் விலையை மறைப்பது, இல்லாத சலுகையைக் காட்டுவது, நிறுவனத்தின் அடையாளத்தை மறைப்பது என உலகத்துத் தில்லுமுல்லு அத்தனையும் வரிசையாக இருக்கிறது. அதில் நம்முடையது எது என்று நாமே ஊகிக்க வேண்டும். அப்பீல் போட்டால் சில நிமிடங்களில் மறுப்பு வருகிறது. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க முடியாது. சப்போர்ட் சாட்டில் வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “பாலிசி டீம் என்ன பார்த்தாங்கன்னு எங்களுக்கே காட்டாது சார்” என்றார்.

இதுவரை நிறைய பேருக்கு நடப்பதுதான். இந்தப் பதிவு அடுத்து நடந்ததற்காக.

விற்பனையாளர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விஷயத்தைக் கேட்ட அன்றே ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். “உள்ள ஆள் இருக்கு ப்ரோ. மூணு நாள்ல எடுத்துத் தர்றேன். பாதி அட்வான்ஸ், மீதி வேலை முடிஞ்சதும்.” கூடவே மீட்டுக் கொடுத்த கணக்குகள் என்று ஸ்கிரீன்ஷாட்டுகள். 9,000 ரூபாய் யுபிஐயில் போனது. பிறகு அட்மின் அனுமதி, பான், ஜிஎஸ்டி சான்றிதழ் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பழைய கணக்கை மீட்க அவர் எதுவுமே செய்யவில்லை. வேறொரு மெயிலில், எங்கள் கார்டையும் எங்கள் இணையதளத்தையும் வைத்துப் புதுக் கணக்கு திறந்து, “வந்துடுச்சு ப்ரோ, மீதியைப் போடுங்க” என்றார். விளம்பரம் ஓடியது, மீதிப் பணமும் போனது. ஓரிரு நாளில் அதையும் முடக்கினார்கள். இந்த முறை காரணம் ‘அமைப்பை ஏய்த்தல்’. சஸ்பெண்ட் ஆனவர் இன்னொரு கணக்கு திறந்தாலே தளங்கள் அப்படித்தான் பார்க்கின்றன. கார்டும் முகவரியும் இணையதளமும் ஒன்றாக இருந்தால் இயந்திரம் நொடியில் முடிச்சுப் போட்டுவிடும். முதல் குற்றச்சாட்டையாவது திருத்திக் காட்டலாம், இரண்டாவது நம்மை மோசடிக்காரர்களோடு உட்கார வைத்துவிடும். ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். சப்போர்ட்டில் வேலை பார்ப்பவருக்கே காரணம் தெரியாத இடத்தில் இவருக்கு எந்த ‘உள் ஆள்’ இருந்திருப்பான்?

1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். இணையப் பணமோசடிக்கான அரசு உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. கார்டை மாற்றினேன். அட்மின் பட்டியலில் அவர் சத்தமில்லாமல் சேர்த்திருந்த இன்னொரு மெயிலையும் நீக்க வேண்டியிருந்தது. இதைக் கட்டாயம் பாருங்கள்.

அதன்பிறகு அண்ணன் மகள்தான் உட்கார்ந்து எங்கள் கடையைப் புது வாடிக்கையாளர் மாதிரி பக்கம் பக்கமாகப் பார்த்தாள். விளம்பரத்தில் குறையே இல்லை, எல்லாம் இணையதளத்தில்தான். ஜிஎஸ்டியில் இருப்பது அப்பா காலத்து நிறுவனப் பெயர், கடைக்கு வேறு பெயர். இரண்டும் ஒன்று என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. முகவரி கிடையாது, வெறும் வாட்ஸ்அப் எண். ரிட்டர்ன் பாலிசி, இணையதளத்தின் ரெடிமேட் டிசைனோடு (தீம்) வந்த ஆங்கில மாதிரி. டெலிவரி கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். ‘சலுகை இன்னும் 10 நிமிடம்’ என்ற டைமர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்கும். நிறுவனப் பெயர், முகவரி, ரிட்டர்ன் விவரம் எல்லாம் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே கேட்பவை. அந்த டைமர் போன்ற பொய் அவசரத்தை 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. இதை மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் ஒரே நாளில் சரிசெய்திருப்போம்.

திருத்தியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு பட்டியலிட்டு, இரண்டாவது கணக்கு எப்படி வந்தது என்பதையும் புகார் எண்ணோடு எழுதி அப்பீல் போட்டேன். அதையே அந்த விளம்பரத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் அனுப்பினேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்கள் அவருடைய விவரத்தை வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் (2026 பிப்ரவரி முதல் 7 நாளில்) முடிக்க வேண்டும். பழைய கணக்கு திரும்ப வந்தது, தீபாவளி முடிந்த பிறகு. எதைத் திருத்தியதால் வந்தது என்று அந்த மெயிலிலும் இல்லை.

அந்த ஆள் வேறு எண்ணில் இன்னும் அதே குழுக்களில் சுற்றுகிறார். அனுப்புவதும் அதே ஸ்கிரீன்ஷாட்டுகள்தான். வெவ்வேறு கணக்குகள் என்பார், எல்லாவற்றிலும் மேலே பேட்டரி 63 சதவீதம் இருக்கும்.