கிறிஸ்மஸ் கேக்குக்கு எந்த ஒயின்? வீட்டுப் பரணியும் போர்ச்சுகல் புட்டியும்

குமரி மாவட்டத்தில் கிறிஸ்மஸ் ஒயின் சாப்பாட்டோடு வருவதில்லை, கேக்கோடு வரும். ஆராதனையோ திருப்பலியோ முடிந்தபின் பக்கத்து வீட்டார், சித்தப்பா வீட்டார், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் என்று ஆள் மாறி ஆள் வருவார்கள். தட்டில் ஒரு துண்டு பிளம் கேக், இரண்டு முந்திரிக்கொத்து, ஓர் அச்சு முறுக்கு, பக்கத்தில் சின்ன கிளாஸில் சிவப்பாய் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றுக்கு இப்போது போட்டி அதிகம். வீட்டுப் பரணி (ஜாடி) ஒயின், கோவா போர்ட், நாசிக் ஒயின், விமான நிலையக் கடையிலிருந்து வரும், போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான அசல் போர்ட், எல்லாமே ஒரே தெருவுக்குள் பார்க்கக் கிடைக்கின்றன.

ஆட்டுக்கறிக்கு எது, மீனுக்கு எது என்று தொடங்கும் ஒயின் பாடம் நமக்கு அவ்வளவு உதவாது. நம் மேசையில் இனிப்புதான் முன்னால் நிற்கிறது. அதற்கு ஒரே ஒரு விதி போதும்: பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். முந்திரிக்கொத்தின் வெல்லம் நாக்கில் இருக்கும்போது இனிப்பில்லாத ஒயினைக் குடித்தால் அதன் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் எழுந்து நிற்கும், பழச்சுவை காணாமல் போகும். இந்த விதியோடு நம் ஊர்ச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த புட்டி ஒரே நாளில் தீராது, வருகிறவர்கள் புத்தாண்டு வரை வந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே நான் பார்ப்பது இரண்டைத்தான்: எவ்வளவு இனிப்பு, திறந்தபின் எத்தனை நாள் தாங்கும்.

நாசிக் ஷிராஸ் என்ற இனிப்பில்லாத சிவப்பு ஒயின் இந்த இரண்டிலும் தோற்றுவிடும். நல்ல ஒயின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாசிக் பக்கத்தில் சுலா நிறுவனம் 1999இல் தொடங்கியபின் இந்திய ஒயின் ரொம்ப தூரம் வந்துவிட்டது, பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையடியில் கிரோவர் தோட்டங்களும் இருக்கின்றன. ஆனால் துவர்ப்பான சிவப்பு ஒயினைக் கேக்கோடு கொடுத்தால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். திறந்த இரண்டு மூன்று நாளில் சுவையும் இறங்கிவிடும். அதை மதியத்து ஆட்டுக்கறிக்கோ மாட்டிறைச்சி வறுவலுக்கோ வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. சுலாவின் லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க், பழத்தைக் கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டு எடுக்கிற இனிப்பு வெள்ளை ஒயின். குளிரவைத்துக் கொடுத்தால் வட்டயப்பத்தோடு நன்றாகவே போகும். பிளம் கேக்கின் கனத்துக்கு மட்டும் அதற்குப் பலம் போதாது.

வீட்டு ஒயின்

இதை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போக முடியாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. பரணியும் மரக்கரண்டியும் கேரளத்தோடு சேர்ந்தே நமக்கு வந்த வழக்கம். நவம்பர் பிறந்தால் வடசேரி சந்தையில் கறுப்புத் திராட்சையைக் கிலோக் கணக்கில் கேட்கிறவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்று வியாபாரிக்குத் தெரியும். பெரும்பாலும் அது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் குடும்பத்துக்கே உரிய ரோஜா வாசம் அதில் இருப்பதால், வீட்டு ஒயினுக்குத் தனி மணம் தானாக வந்துவிடுகிறது. கூடவே சேரும் கிராம்பும் நம்மூருடையதுதான். மாறாமலைப் பக்கத்தில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு. பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, பழத்துக்குச் சமமாகவோ பாதியாகவோ சர்க்கரை, கொஞ்சம் ரொட்டி ஈஸ்ட். 21 நாள் என்பார் ஒருவர், 41 நாள் என்பார் இன்னொருவர். கடைசியில் சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றுகிற வீடுகளும் உண்டு.

கேக்கோடு வைத்துப் பார்த்தால் இதை அடிப்பது கஷ்டம். கேக்கில் இருக்கிற அதே கிராம்பு, அதே பட்டை, அதே கருக்கிய சர்க்கரை ஒயினிலும் இருக்கின்றன. ஒரே கை செய்த இரண்டு பண்டங்களாக அவை ஒட்டிக்கொள்கின்றன. இனிப்பும் தாராளம். ஈஸ்ட் ஓரளவுக்குமேல் சாராயச் செறிவைத் தாங்காது, வேலையை நிறுத்திவிடும். அள்ளிப்போட்ட சர்க்கரையில் மிச்சம் அப்படியே இனிப்பாக நிற்கும்.

பலவீனங்களும் அங்கேயே இருக்கின்றன. ஒரு பரணி இன்னொன்றைப் போல வராது. காற்றுப் பட்டால் வினிகராகத் திரும்பும். நொதிப்பு அடங்குமுன் புட்டியில் அடைத்து இறுக மூடினால் உள்ளே சேரும் வாயு மூடியைத் தள்ளும், சில நேரம் புட்டியையே உடைக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காதது, ‘இது சும்மா திராட்சை ஜூஸ்தான்’ என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுப்பது. நன்றாக நொதித்த வீட்டு ஒயினில் பீரைவிட அதிகச் சாராயம் இருக்கலாம். இனிப்பு அதை மறைக்கிறது, அவ்வளவுதான். சட்டமும் இதன் பக்கம் இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கேரளத்தில் 2019 கிறிஸ்மஸுக்கு முன் கலால் துறை இதையே எச்சரிக்கையாக வெளியிட்டபோது, களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. பிளாஸ்டிக் புட்டியில் விலைக்கு வருகிற ‘ஹோம் மேட்’ ஒயினை வாங்கவே வாங்காதீர்கள். என்ன போட்டார்கள், எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்க ஆளே இருக்காது.

கோவா போர்ட்

கோவாவுக்குச் சுற்றுலா போகிற கல்லூரிப் பையன் அம்மாவுக்கு வாங்கி வருவது இதுதான். விலை குறைவு, இனிப்பு அதிகம், சிரப்பு போன்ற ஓர் அடர்த்தி. அசல் போர்ட்டின் முறைக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. இதைத் தனியாகக் குடித்தால் திகட்டும். ஆனால் நன்றாகக் குளிரவைத்து, சின்ன கிளாஸில், முந்திரிக்கொத்தோடு கொடுத்துப் பாருங்கள். வெல்லத்துக்கு முன்னால் தோற்காமல் நிற்கிற மலிவான ஒயின் இது ஒன்றுதான். நல்ல கேக்கோடு மட்டும் வேண்டாம், கேக்கின் மசாலாவை அந்த ஒற்றை இனிப்பு மூடிவிடுகிறது.

அசல் போர்ட்

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்ததுதான் போர்ட். மார்க்கேஸ் டி பொம்பால் ஆட்சி நடத்திய 1756இலேயே அந்த எல்லையைக் கல் நட்டு வரையறுக்கத் தொடங்கிவிட்டார்கள். டூரிகா நேசியோனல், டூரிகா ஃபிராங்கா, டிண்டா ரோரிஸ் என்று அதன் ரகங்களே வேறு.

முறைதான் இங்கே முக்கியம். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மீதமிருக்கையில், 77 சதவீதச் செறிவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும். பழத்தின் சொந்தச் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில் தங்கிவிடும். சாராயச் செறிவு 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இனிப்பும் தாங்கும் சக்தியும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகின்றன. நமக்குத் தேவையான இரண்டும் அவைதானே.

ஆனால் போர்ட் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ரூபி என்பது பெரிய தொட்டிகளில் இரண்டு மூன்று வருடம் இருந்து, காற்று அதிகம் படாமல் புட்டிக்குள் வருவது. நிறம் அடர்த்தி, நாவல் பழமும் கறுப்புத் திராட்சையும் போன்ற சுவை. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் ஓடும். எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) என்று போட்டிருப்பது ஒரே வருட அறுவடையை நான்கு முதல் ஆறு வருடம் பீப்பாயில் வைத்துப் பின் அடைத்தது. ரூபியைவிடக் கனம், ஆனால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

டானி வேறு இனம். ஏறத்தாழ 550 லிட்டர் கொள்ளும் சிறிய பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். மரத்தின் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும். சிவப்பு வெளுத்துப் பழுப்பாகும், பழச்சுவை போய் வறுத்த முந்திரி, உலர் அத்தி, காய்ச்சிய சர்க்கரை என்று மாறும். லேபிளில் 10, 20, 30, 40 ஆண்டு என்று இருப்பவை கலவையின் முதிர்ச்சியைச் சொல்பவை. இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. இந்த ஒயின் காற்றோடு ஏற்கெனவே பழகிவிட்டதால் புட்டியைத் திறந்தபின்னும் அவ்வளவாகக் கெடாது. கிறிஸ்மஸுக்குத் திறந்தது பொங்கல் வரை குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகவே இருக்கும். முந்திரியும் திராட்சையும் போட்ட கேக்குக்கு இதைவிடப் பொருத்தம் நான் கண்டதில்லை. வீட்டு ஒயினோடு சமமாக நிற்கக்கூடியது, ஏன், அதைத் தாண்டக்கூடியது 10 ஆண்டு டானி ஒன்றுதான்.

விண்டேஜ் போர்ட்டின் பெருமையை மறுக்கவில்லை. 2011, 2016, 2017 போல நல்ல அறுவடை அமைந்த வருடங்களில் மட்டும் அறிவிக்கப்படுவது, இரண்டு மூன்று வருடத்தில் புட்டிக்குள் போய் இருபது வருடத்துக்குமேல் அங்கேயே முதிர்வது. அந்த இருபது வருடமும் அது குளிர்ந்த இருட்டறையில் கிடக்க வேண்டும். நாகர்கோவிலில் அலமாரிக்குள் வைத்தால் நாலைந்து கோடையிலேயே வெந்துவிடும். திறந்தால் வண்டலை வடிக்க வேண்டும், இரண்டு நாளில் குடித்து முடிக்கவும் வேண்டும். யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சேமித்து வைக்காமல் அந்த வருடமே திறந்துவிடுங்கள்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது மதீராவை விட்டுவிட மனமில்லை. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அட்லாண்டிக் தீவின் ஒயின் அது. அந்தக் காலத்தில் கப்பலின் அடித்தளத்தில் இந்தியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போய்த் திரும்பிய பீப்பாய்களில் வெப்பமண்டலச் சூட்டில் ஒயின் மேலும் சுவை கூடியிருந்ததைக் கண்டார்கள். பிறகு தீவிலேயே சூடாக்கி முதிரவைக்கத் தொடங்கினார்கள். சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயினை இனி எது கெடுக்கும்? திறந்த மதீரா மாதக்கணக்கில் தாங்கும். மாம்சி என்ற இனிப்பு வகை பிளம் கேக்குக்கென்றே செய்தது போலிருக்கும். நம் வெயிலுக்கு உண்மையில் இதுதான் முதலிடம் பெற வேண்டும், ஆனால் நம் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம்.

கிடைப்பது என்றால் எங்கே என்ற கேள்வி வரும். இறக்குமதி ஒயினுக்குச் சுங்க வரி நெடுங்காலமாக 150 சதவீதம் இருந்து வந்ததால், உள்ளூர் கடையில் அசல் போர்ட் பார்ப்பது அரிது, பார்த்தால் விலை மலைக்க வைக்கும். குமரிக்காரர்களுக்கு உள்ள சௌகரியம் திருவனந்தபுரம் விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து இறங்குகிறவர் ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். மச்சானோ மருமகனோ டிசம்பரில் வருகிறார் என்றால் வழக்கமான விஸ்கிக்குப் பதில் ஒரு டானி வாங்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கடைகளில் ரூபியை நீட்டி ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார்கள். லேபிளில் டானி என்றும் 10 என்றும் இருக்கிறதா என்று பார்த்தே எடுக்கச் சொல்லுங்கள். எல்லைச் சோதனையில் கேட்டால் காட்ட, பில்லும் உறை பிரிக்காத பையும் கையில் இருக்கட்டும்.

ஒயினே வேண்டாம் என்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். இரட்சணிய சேனையைச் சேர்ந்தவர்கள் மதுவைத் தொடுவதில்லை, சி.எஸ்.ஐ. வீடுகளிலும் பல அப்படித்தான். கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையின் இயற்கையான ஒயின் கட்டாயம், சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் நொதிக்காத சாறே போதும். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் சாற்றைச் சூடாக்கி நொதிப்பைத் தடுத்ததே திருவிருந்துக்காகத்தான். பன்னீர் திராட்சையைக் கிராம்பு, பட்டையோடு கொதிக்கவைத்து வடிகட்டி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து குளிரவைத்தால் பிள்ளைகளுக்கும் அதே கிளாஸில் கொடுக்கலாம். கடையில் அடைத்து விற்கும் திராட்சைச் சாற்றைவிட நூறு மடங்கு மேல்.

ஊற்றும் அளவிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 60 மில்லி போர்ட்டில் உள்ள சாராயம் ஏறக்குறைய 12 மில்லி. 13 சதவீத ஒயினை 150 மில்லி ஊற்றினால் 19 மில்லிக்கும் மேல். ஆகவே போர்ட் கடுமையானது என்ற பயம் சின்ன கிளாஸ் இருக்கும்வரை தேவையில்லை, ஜூஸ் டம்ளரை எடுத்தால்தான் தேவை. வண்டி ஓட்டிக்கொண்டு நாலு வீடு போகிறவருக்கு எந்தக் கிளாஸும் வேண்டாம்.

‘அறைச் சூட்டில் பரிமாறவும்’ என்று படித்தால் நம்பாதீர்கள், அது குளிர்நாட்டு அறை. நம் முன்னறை டிசம்பரிலும் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் போர்ட்டில் சாராய நெடிதான் முதலில் ஏறும். டானியையும் ரூபியையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஊற்றலாம். கோவா போர்ட்டை எடுத்த உடனே ஊற்றுங்கள்.

புத்தாண்டுக்குப் பிறகு ரூபியோ கோவா போர்ட்டோ அடியில் கொஞ்சம் நின்றுவிட்டால், உலர் திராட்சையையும் பேரீச்சையையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஈஸ்டர் கேக்குக்கு ஆகும். டானியை மட்டும் அதில் ஊற்றாதீர்கள், அந்த விலைக்கு அது அநியாயம்.