சண்டையே போடாத ஆர்பிஜி: 'இப்' விளையாடிய அனுபவம்

வீட்டில் உட்கார்ந்து ஆர்பிஜி மேக்கரில் (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகிற ஆர்பிஜி வகைக் கேம்களைச் செய்ய உதவும் மென்பொருள்) ஒற்றை ஆளாகச் செய்து முடித்த கேம்களை நான் கொஞ்சம் அதிகமாகவே விளையாடியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடி வைத்தவைதான். காரணம் பெரும்பாலும் ஒன்றே. மென்பொருளைத் திறந்ததும் சண்டை, லெவல், ஆயுதக் கடை, மந்திரம் எல்லாம் உள்ளே தயாராக இருக்கும். இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கிராமத்தை விட்டு வெளியே வந்து பத்து அடி வைத்தால் சண்டைக்கு ஒரு வௌவால், இன்னும் பத்து அடி போனால் இரண்டு வௌவால். கதை சொல்ல வந்தவர் கதையை விட்டுவிட்டு நம்மை வௌவால் எண்ண வைத்துவிடுவார். கடைசியில் 'முதல் அத்தியாயம் முடிந்தது, தொடரும்' என்று ஒரு திரை வரும். அப்படிப் போட்ட ஒன்றுகூடத் தொடர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நானும் ஒன்று ஆரம்பித்தேன். நாற்பது மேப் (கேமுக்குள் நடந்து திரிகிற இடங்கள்) போட்டேன், ஊருக்கு நடுவில் கிணறு, கிணற்றடியில் நாய், நாய்க்கு ஒரு டயலாக். கதாநாயகன் எதற்காக வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்பதை மட்டும் கடைசிவரை முடிவு செய்யவில்லை. அந்த ஃபோல்டர் இன்னும் கணினியில் கிடக்கிறது.

அதனால்தான் 'இப்' மீது எனக்கு மரியாதையும் கொஞ்சம் பொறாமையும். கோரி என்ற புனைபெயரில் ஒரு ஜப்பானியர் 2012 பிப்ரவரியில் இலவசமாக வெளியிட்ட கேம் இது (பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து முதலில் கௌரி என்றுதான் படித்தேன்). செய்த கருவி ஆர்பிஜி மேக்கர் 2000, அதாவது வெளியான நாளிலேயே அது பழைய கருவி. திரை 320க்கு 240, ஒரு கட்டம் 16 பிக்சல், ஆகக் குறுக்கே 20 கட்டம், நெடுக்கே 15 கட்டம். அதற்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

இப் ஒன்பது வயதுச் சிறுமி. அப்பா அம்மாவோடு குவெர்தெனா என்ற ஓவியரின் கண்காட்சிக்கு வருகிறாள். பெரியவர்கள் வரவேற்பு மேஜையில் நிற்கும்போது இவள் முன்னால் போய்ச் சுற்றிப் பார்க்கிறாள். ஒரு பெரிய ஓவியத்தின் முன் நிற்கும்போது விளக்கு மினுக்குகிறது, திரும்பிப் பார்த்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை. தரையில் விரித்திருந்த ஆழ்கடல் ஓவியத்துக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. கதை இவ்வளவுதான் சொல்வேன்.

ஆரம்பத்தில் கூடத்தைச் சுற்றுவது சும்மா அலங்காரம் என்று நினைத்து நான் வேகவேகமாக ஓடிவிட்டேன். உள்ளே போன பிறகு ஒரு கதவு கேட்கிறது, தரையில் இருந்த அந்தப் பெரிய ஓவியத்தின் பெயர் என்ன என்று. சுவரில் மாட்டிய தலைப்பைப் படிக்காமல் வருகிற என்னைப் போன்றவர்களைக் கண்காட்சிக்காரர் பிடித்து நிறுத்திக் கேட்ட மாதிரி இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் புதிர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். விடை உங்கள் கண் முன்னால் இருந்தது, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த ரோஜா. உள்ளே போனதும் இப்புக்கு ஒரு சிவப்பு ரோஜா கிடைக்கிறது, அதுதான் அவள் உயிர். அடி பட்டால் ஓர் இதழ் உதிரும். அவளுக்கு இருப்பது ஐந்தே இதழ்கள். வழியில் தண்ணீர் உள்ள ஜாடி கிடைத்தால் ரோஜாவை அதில் வைக்கலாம், இதழ்கள் திரும்ப வரும். யோசித்துப் பாருங்கள், இது வேறொன்றும் இல்லை, எல்லா ஆர்பிஜியிலும் மூலையில் நிற்கிற அதே உயிர்க் கணக்குதான். 'உயிர் 5/5' என்று எழுதியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பூ என்று ஆனதும் கை கூசுகிறது. பின்னால் கேரி என்ற இளைஞன் வருகிறான், அவனுடையது பத்து இதழ் உள்ள நீல ரோஜா. அவனை நாம் முதலில் பார்க்கும்போது அவன் சுருண்டு கிடக்கிறான், வேறோர் அறையில் நீல உடுப்புப் பெண் ஒருத்தி அவன் ரோஜாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். வில்லன் வந்து பேசவில்லை, விளக்கம் இல்லை, இரண்டு அறைகளைப் பார்த்ததும் நமக்கே புரிந்துவிடுகிறது.

சண்டை கிடையாது. ஓவியச் சட்டத்தோடு தரையில் தவழ்ந்து துரத்துகிற சிவப்பு உடுப்புப் பெண்ணை அடிக்க ஒரு குச்சிகூடத் தரமாட்டார்கள். ஓடலாம், கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போகலாம், அவ்வளவுதான். சண்டைக்காகவே உண்டான கருவியை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நாற்பது மேப் போட்டவனுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக மூலையில் கிடக்கிற முழு நீளக் கனவுக்கு மூன்று மணி நேரத்தில் முடிகிற இந்தக் கேம் எவ்வளவோ மேல்.

இன்னொரு சின்ன யோசனை, ஆனால் அதைக் கண்டு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கடினமான சொற்கள் தெரியாது அல்லவா? ஓவியத் தலைப்பிலோ புத்தகத்திலோ அப்படி ஒரு சொல் வந்தால் அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரும். பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து, கூட்டெழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேரி சேர்ந்த பிறகு, அவன் அதைப் படித்துச் சொல்கிறான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நிம்மதியை வசனம் எழுதி உணர்த்தவில்லை, கேள்விக்குறியை எடுத்து உணர்த்தியிருக்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். இலவசம் என்பதற்காக எதையும் விடப்போவதில்லை.

முதலாவது முடிவுகள். பின்னால் சேர்த்தவற்றையும் கணக்கிட்டால் இலவசப் பதிப்பில் மொத்தம் 7 முடிவுகள். எது கிடைக்கும் என்பது கேரியோடும், அப்புறம் சேர்கிற மேரி என்ற சிறுமியோடும் எவ்வளவு பேசினோம், எந்தக் கேள்விக்கு என்ன சொன்னோம், எதை உடைத்தோம் என்பதைப் பொறுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விளையாடுகிறவனுக்கு இந்தக் கணக்கு எங்கேயும் தெரியாது. போகிற போக்கில் ஒரு பொம்மையை உதைத்தேன், அதற்கெல்லாம் எங்கோ ஒரு புள்ளி ஏறிக்கொண்டிருந்தது என்று கேம் முடிந்த பிறகு வழிகாட்டியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல முடிவைப் பார்க்க வழிகாட்டி வேண்டும் என்றால் அது வடிவமைப்பில் உள்ள ஓட்டைதான், மர்மம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

இரண்டாவது, துரத்தல்கள். கட்டம் கட்டமாக நகர்கிற கருவி என்பதால் ஒரு சிலைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க இடமே இருக்காது. பயம் போய் எரிச்சல் வந்துவிடும். முதல் முறை அந்தப் பெண் சட்டத்தோடு சுவரிலிருந்து விழுந்தபோது நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். நான்காவது முறை அதே மூலையில் மாட்டியபோது கொட்டாவி வந்தது.

மூன்றாவது, நடுப்பகுதி. கேரி ஒரு பக்கமும் இப்பும் மேரியும் இன்னொரு பக்கமும் பிரிந்து போகிற இடத்தில் ஆளை மாற்றி மாற்றி விளையாட வேண்டும். கதைக்கு அது தேவை. ஆனால் அங்கே உள்ள அறைகளில் பாதி, சாவி எங்கே என்று தேடுவதைத் தாண்டி எதுவும் தருவதில்லை. இருட்டு அறையில் நான்கு பிக்சல் பொருளைத் தேட வைப்பதைப் புதிர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதே 2012இல் வந்த 'சூனியக்காரியின் வீடு' கேமோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது, இரண்டையும் அடுத்தடுத்து விளையாடியதால் இன்னும். அங்கே முதலிலேயே, கரடியைக் கூடைக்குள் வை என்று ஒரு குறிப்பு. பொம்மைக் கரடி கூடைக்குள் போகாது, கை கால் நீளம். பக்கத்து அறையில் கத்தரிக்கோல் இருக்கிறது. வெட்டச் சொல்வது யாரும் இல்லை, நாமே செய்கிறோம், செய்துவிட்டு என்ன செய்தோம் என்று யோசிக்கிறோம். அந்த ஒரு புதிர் 'இப்'பில் உள்ள எந்தப் புதிரையும்விடக் கூர்மை. ஆனால் அதன் பிறகு அந்த வீடு எதைத் தொட்டாலும் ஆளைக் கொல்கிறது. செத்து, செத்து, மனப்பாடம் செய்து கடக்க வேண்டும். கடைசித் திருப்பத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது முறை விளையாட மாட்டேன். 'இப்'பை மூன்று முறை விளையாடியிருக்கிறேன், வழிகாட்டியைத் திட்டிக்கொண்டே.

2022இல் ஆசிரியரே இதை மறுபடி செய்து ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் காசுக்கு விட்டிருக்கிறார். படங்கள் புதிதாக வரைந்தவை, ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கூட வருகிறவரோடு பேசினால் குறிப்பு கிடைக்கும். என் நான்கு பிக்சல் புகார் இதில் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஓவியங்கள் தெளிவாகத் தெரிவது இந்தக் கேமுக்கு லாபம்தான், ஓவியக் கூடம் அல்லவா. இருந்தாலும் பழைய பதிப்பில் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாத அந்த மங்கலான முகங்கள் என்னை அதிகம் பயமுறுத்தின.

முதல் முறை என்றால் புதிய பதிப்பையே எடுங்கள். இரவில், ஹெட்போனோடு. வழிகாட்டியைத் திறக்காமல் ஒரு தடவை முடியுங்கள், கிடைக்கிற முடிவு மோசமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. சேவ் மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். கேரி தனியாகப் போகிற பகுதியில், பொம்மைகள் நிறைந்த அறைக்கு முன்னால் கட்டாயம் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.