எடை குறைப்பு மையத்தில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் பெண்கள் கவனத்துக்கு. இங்குள்ள ஓர் எடை குறைப்பு மையம் என்னிடம் 36,000 ரூபாய் கறந்துவிட்டது. பெயரை எழுதப்போவதில்லை. எப்படிக் கறக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பலகை மாறினாலும் வித்தை மாறாது.

எனக்கு எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். முழங்கால் வலி உயிரை வாங்குகிறது. எந்த டாக்டரிடம் போனாலும் "எடையைக் குறையுங்கள் அம்மா" என்பார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. காலையில்தான், போனால் அரை நாள் சம்பளம் போகும். மாமியாருக்கு பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வாசலுக்கே வருகின்றன. எடைக்கு அப்படி யாரும் கதவைத் தட்டுவதில்லை, தட்டுகிறவன் நோட்டீஸ்காரன்தான்.

அந்த மையம் இரவு ஒன்பது வரை திறந்திருந்தது. "வாருங்கள் அக்கா" என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறிய கதையை முழுதாகக் கேட்டார்கள். அப்படிக் காது கொடுத்துக் கேட்ட நேரத்துக்குத்தான் அவ்வளவு காசு வாங்கினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ரத்தப் பரிசோதனை பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

என் உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. "நீங்கள் 48 கிலோ இருக்க வேண்டும்" என்றார் கவுன்சிலர். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 23-க்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவக் கணக்கு. என் உயரத்துக்கு அது சுமார் 55 கிலோ. 48 எங்கிருந்து வந்தது? குறைக்க வேண்டிய கிலோ கூடினால் பேக்கேஜ் விலையும் கூடும். அங்கிருந்துதான்.

எடை பார்க்கும் விதம் இன்னும் சாமர்த்தியமானது. முதலில் பார்த்தது இரவில்: வயிறு நிறையச் சாப்பிட்டு, நின்று நின்று கால் வீங்கி, பட்டுச் சேலை சகிதம். அதன் பிறகு காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, மெல்லிய கவுன் ஒன்றைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். முள் இறங்கியதும் கைதட்டல். இஞ்ச் டேப்பும் அப்படியே. முதல் முறை தொப்புளுக்குக் கீழே தளர்வாகச் சுற்றினார்கள். அடுத்த முறை இரண்டு விரல் மேலே ஏற்றி, "மூச்சை உள்ளே இழுங்கள் அக்கா" என்று இறுக்கிப் பிடித்தார்கள். வியர்க்க வைக்கும் பெல்ட்டைக் கட்டிப் படுக்க வைத்தால் குறைவது உடம்பு நீர்தான், வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இவையெல்லாம் காசோடு போகிறவை. மாத்திரை அப்படியல்ல. லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் காப்ஸ்யூல் கொடுத்து "மூலிகைதான்" என்றார்கள். பசி போனது உண்மை. கூடவே தூக்கமும் போயிற்று. வாய் வறண்டு, படபடவென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்தை, இதய ஆபத்து காரணமாக 2011-இல் இந்தியா தடை செய்தது. அதற்குப் பிறகும் மூலிகை என்று விற்ற எடைக் குறைப்புப் பொருட்களில் அது கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கேட்டால் "இது மருந்தில்லை, சப்ளிமென்ட்" என்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் மருத்துவப் பதிவு எண் கேட்டேன். மேனேஜரைப் பார்க்கச் சொன்னார்.

நிறுத்திவிடுகிறேன் என்றபோதுதான் அடுத்த பூதம் கிளம்பியது. சேர்ந்த அன்று "மாதத் தவணை" என்று என் செல்போனை வாங்கி, ஓ.டி.பி. கேட்டு முடித்தது மையத்தின் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன். மையம் முழுப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொண்டது. நான் போனாலும் போகாவிட்டாலும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போகும். 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி இத்தகைய டிஜிட்டல் கடனுக்கு வட்டி, கட்டண விவரத் தாளை முதலிலேயே தர வேண்டும். ஆரம்ப நாட்களுக்குள் அபராதமின்றி அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி விலகவும் வழி உண்டு. அந்தத் தாளை யாரும் என் கண்ணில் காட்டவில்லை.

கடைசியில் லீவு போட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். தைராய்டு குறைபாடு இருந்தது தெரிந்தது, மாத்திரை எழுதினார்கள். "இதனால் ஏறும் எடை சில கிலோதான். மீதிக்குச் சாப்பாட்டையும் நடையையும் கவனிக்க வேண்டும். முதலில் நான்கு கிலோ குறையுங்கள், பிரஷருக்கும் நல்லது" என்றார் அந்த டாக்டரம்மா. 48 என்ற எண்ணை அவர் உச்சரிக்கவே இல்லை.

என்னைப் போலச் சிக்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தி, தவணைச் செய்தி எதையும் அழிக்காதீர்கள். மாத்திரை டப்பாவையும் கோபத்தில் குப்பையில் வீசாதீர்கள். மருந்து ஆய்வாளரிடம் கொடுக்க அது வேண்டும்.