ஸ்கார்பரோவில் ஒரு ஃபர்னஸ் பழுதுபார்ப்புச் சேவை

மின்சாரமே வராமல் அடங்கிப்போன, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸைப் பார்க்க வருபவர், எடுத்தவுடன் அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றச் சொல்கிறாரா, மின்சாரம் எங்கே தடைபடுகிறது என்று தேடுகிறாரா என்பதை வைத்தே ஒரு சேவையை நான் எடைபோடுவேன்; இந்தச் சிறிய நிறுவனம் அதில் தேறிவிட்டது. வந்தவர், ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்குத் தேவையான டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையத்தின் சான்றிதழை நாங்கள் கேட்குமுன்பே காட்டினார். பிரேக்கரையும், விளக்குச் சுவிட்ச் என்று நினைத்துப் பலரும் அணைத்துவிடும் ஃபர்னஸ் சுவிட்சையும், கதவு சரியாக மூடாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சையும் சோதித்தார். மின்மாற்றிக்குள் 120 வோல்ட் செல்வதையும் 24 வோல்ட் வெளிவருவதையும் மீட்டர் காட்டியது. பலகையிலிருந்த ஊதா நிற 3 ஆம்பியர் ஃபியூஸ்தான் எரிந்திருந்தது. கார்களில் இருக்கும் அதே வகை.

புதியதைச் செருகிவிட்டுக் கிளம்பாமல் காரணத்தைத் தேடியதுதான் எனக்குப் பிடித்தது. அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குச் செல்லும் கம்பியொன்று தகட்டின் விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து செம்பு தெரிந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அடுத்த ஃபியூஸும் எரிந்திருக்கும். இரவுநேரக் கட்டணம் அதிகம்தான். அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ரசீதில் வருகை, உழைப்பு, பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதித் தந்தார்கள்.