வண்ணாரப்பேட்டை பிளான் ஆபீஸ்: முதல் கேள்வியே சர்வே எண்தான்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்களுக்கு இது உதவும். எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேல் மாடியில் கட்டட அனுமதிக்குப் பிளான் போட்டுத் தருகிற இந்த ஆபீஸ். ஒரு என்ஜினியர், படம் வரைகிற ஒரு பெண், ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் உட்கார்ந்ததுமே எத்தனை மாடி, எத்தனை போர்ஷன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்த என்ஜினியர் சர்வே எண்ணைக் கேட்டார். மனை எந்த சோனில், அதாவது எந்த உபயோகத்துக்கு ஒதுக்கிய பகுதியில் வருகிறது என்று சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில் தேடி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிய பிறகுதான் மற்ற பேச்சு. 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஊரை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பிரித்து வைத்திருக்கிறது. நான் முன் அறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள், அதனால் கொஞ்சம் பயம்தான். “சின்னத் தையல் கடைக்கு குடியிருப்புப் பகுதியிலேயே இடம் உண்டுக்கா” என்றார். அப்பாடா.

அதைவிடப் பெரிய கவலை செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் நிற்கும். மனையின் அகலமே பதினாலு அடி. பக்கத்தில் மூன்றடி விட்டால் மிச்சத்தில் கட்டில் போடவா, நடக்கவா? ஜார்ஜ் டவுன் போன்ற நெருக்கமான பழைய பகுதிகளைத் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அங்கே பக்கச் சுவரை ஒட்டியே எழுப்பலாம். எங்கள் தெருவும் அந்தப் பட்டியலில் இருப்பதை இவர்தான் எடுத்துக் காட்டினார். முன்பு நான் பார்த்த ஒருவர் இதைப் பற்றி வாயே திறக்காமல், ஒரு அறையைக் குறைத்துப் படம் போட்டுத் தந்திருந்தார்.

ஆனால் தெருவின் முகத்தைக் காப்பாற்ற அது போதாது, இது என் கருத்து. சுவரை ஒட்டிக் கட்ட விதி இடம் கொடுக்கிறது, திண்ணையை யாரும் கேட்பதில்லை. புதிதாகக் கட்டுகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் ஷட்டர் இறக்குகிறார்கள். என் படத்தில் திண்ணை வேண்டும் என்றதும் அந்தப் பெண் சிரித்தாள், ஆனால் வரைந்து கொடுத்தாள்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே ரெடிமேட் வியாபாரி ஒருவர் வந்தார். வீடு என்று பிளான் வேண்டும், கீழே குடோன். “குடோன்னா குடோன்னே போடுறேன், சோன் ஒத்துக்குதான்னு பார்ப்போம். வீடுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். வந்தவர் நேராக அடுத்த ஆபீசுக்குப் போயிருப்பார், அது வேறு. எங்கள் எதிர் வீட்டிலும் இப்போது பண்டல்கள்தான் குடியிருக்கின்றன, ராத்திரி பதினோரு மணிக்கு மினி லாரி வந்து நிற்கிறது. அந்தக் கட்டடம் எதற்கென்று அனுமதி வாங்கியது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று என்ஜினியர் சொல்லி, மனுவும் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சோன் பார்த்துச் சொல்ல 500 ரூபாய். படத்துக்கு வாங்குவது மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் நியாயமான ஆள். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், 2024-ல் வந்த சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து, ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். எங்களுக்கு இரண்டாவது மாடியும் தேவை, அதனால் இவரிடமே கொடுத்தோம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், போன் எடுக்கவே மாட்டார்கள். இரண்டு வாரம் என்றால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி செங்குத்து, என் மாமியார் கீழேயே ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படத்தில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது, அதில் உங்கள் தெரு எந்த வகையில் வரும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது. பத்திர நகல், பட்டா, டவுன் சர்வே ஸ்கெட்ச், சொத்து வரி ரசீது எல்லாம் கையோடு இருக்கட்டும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், எம்.சி. ரோட்டில் கூட்டத்தைத் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது.