சுங்கை சிப்புட் பக்கம் கள்ளித் தோட்டம்: கேமரா வச்சிருக்கவங்க போகலாமா?

மொதல்லயே சொல்லிடுறேன், பாலைவனம்னு நெனச்சுகிட்டு போனா ஏமாந்துடுவீங்க. அவங்க ஃபேஸ்புக்ல போடுற படத்த பாத்தா ஏதோ அமெரிக்கா மாதிரி தெரியும், நேர்ல போனா செம்பனைக்கு, அதாவது பாமாயில் மரத்துக்கு, நடுவுல பிளாஸ்டிக் கூரை போட்ட மூனு கொட்டகை, வெளிய கொஞ்சம் மணல கொட்டி ஒரு ஃபைபர் ஒட்டகம், அது பக்கத்துல கௌபாய் தொப்பி தொங்கவிட்ட ஒரு பெஞ்சு, ஒட்டகமும் கௌபாயும் எந்த ஊர்ல ஒன்னா இருந்தாங்கன்னு தெரியல லா. கொஞ்சம் பெரிய நர்சரி, அவ்ளோதான். ஆனா சனி ஞாயிறு மட்டும் கேமராவ தூக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்த வட்டாரத்துல இத விட நல்ல எடம் எனக்கு தெரியாது.

காரணம் அந்த கூரை. அரிஸோனா ஃபீனிக்ஸ்ல 1939ல தொறந்த டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் இருக்கே, அந்த ஊர்ல சராசரியா வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை கூட தேறாது, அதனால செடியெல்லாம் வெட்டவெளியில நிக்குது. நம்ம பேராக்ல 2,000 மில்லிமீட்டருக்கு மேல ஊத்துது, இங்க வெளிய வச்சா பாதி செடி வேர் அழுகி போயிடும், அதனால எல்லாத்தையும் பால் கலர் பிளாஸ்டிக்குக்கு கீழ வச்சிருக்காங்க. செடிக்காக போட்டது, லாபம் நமக்கு. பன்னெண்டு மணி வெயில்ல கூட நெழல் கருப்பா வெட்டாம லைட் மெத்துன்னு எறங்குது, ஸ்டூடியோவுல சாஃப்ட்பாக்ஸ் வச்சு எடுக்குறவன் பொறாமைப்படுவான். நடு கொட்டகையில மட்டும் பச்சை வலை கட்டியிருக்காங்க, வெள்ளை முள்ளெல்லாம் பச்சையா வருது, அங்க ரா ஃபைல்ல (கேமரா கைவைக்காத மூல ஃபைல்) எடுத்து, கலர் சரியா வர வெள்ளை பேப்பர் ஒன்ன காட்டி ஒயிட் பேலன்ஸ் வச்சுக்குங்க.

மூனாவது கொட்டகைதான் தங்கம். மேக்கால பக்கம் தடுப்பே இல்ல, அஞ்சரை மணிக்கு மேல செம்பனை மரத்துக்கு நடுவுல வெயில் சாஞ்சு வந்து அந்த கோல்டன் பேரல்ங்கிற உருண்ட கள்ளி வரிசை மேல விழும், ஒவ்வொரு முள்ளும் நுனி வரைக்கும் எரியும். சூரியனுக்கு எதிர நின்னு, செடிக்கு பின்னாடி நெழல் விழுந்த எடமா பாத்து, எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்த பாதியா, கொறச்சு எடுங்க, வேற எதுவும் செய்ய வேணாம். மெக்சிகோ செடி இது, சொந்த காட்டுல இப்ப அழியுற நெலமையில இருக்கு, நர்சரியில மட்டும் உலகம் பூரா கொட்டி கெடக்கு. ஆனா கொடும என்னன்னா ஆறு மணிக்கு பூட்டிடுறாங்க! நம்ம ஊர்ல சூரியன் மறைய ஏழு மணிக்கு மேல ஆகுது, நல்ல லைட் வர்ற நேரம் பாத்து மணியடிச்சு வெளிய அனுப்புறாங்க. இத மட்டும் மாத்துனா நான் மாசா மாசம் காசு கட்டுவேன்.

லென்ஸ் பத்தி பலபேர் கேப்பீங்க. ரொம்ப கிட்ட வச்சு எடுக்குற மேக்ரோ லென்ஸ் இருந்தா நல்லது, இல்லன்னா சாதா 50 எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டுனா போதும். மாமிலேரியாங்கிற குட்டி காக்டஸ் செடிய நேர் மேல இருந்து எடுங்க, முள்ளு கொத்து ரெண்டு பக்கமும் சுத்தி சுத்தி போகும், பல செடியில ஒரு பக்கம் 13 வரி, எதிர் பக்கம் 21 வரி வரும், ஸ்க்ரீன்ல பெருசாக்கி எண்ணி பாருங்க. லென்ஸ் தொறப்ப (அப்பர்ச்சர்) சின்னதாக்கி எஃப் 8, எஃப் 11னு வைக்கலன்னா முன் முள்ளு மட்டும் ஷார்ப்பா வந்து மிச்சம் எல்லாம் கரைஞ்சிடும். வெள்ளை பஞ்சு மூடுன செடிக்கு எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் ஏத்துங்க, இல்லன்னா சாம்பலா வரும். ட்ரைபாட் வச்சா தனியா 15 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாங்க, போர்டுல அப்படி ஒன்னும் எழுதல, இது எனக்கு சுத்தமா புடிக்கல. நுழைவு 8 வெள்ளிதான், அத கொற சொல்ல முடியாது.

பேர் பலகை எல்லாம் வேஸ்ட், எதுக்கெடுத்தாலும் காக்டஸ்னு எழுதி வச்சிருக்காங்க. அங்க தண்ணி ஊத்துற பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க, முன்ன தோட்டத்துல பால்வெட்டு வேல செஞ்சவங்க, அவங்கள புடிச்சுக்குங்க. உசரமா நாலு பட்டையா நின்ன ஒரு செடிய நகத்தால லேசா கீறி காட்டுனாங்க, வெள்ளையா பால் வந்துச்சு. "பாத்தியா தம்பி, இது நம்ம கித்தா மரத்துக்கு சொந்தம், கண்ணுல பட்டுச்சுன்னா அவ்ளோதான்"னாங்க. உண்மைதான், அது யூஃபோர்பியா, ரப்பரும் அதே குடும்பம், நெசமான காக்டஸ்ல மாமிலேரியா மாதிரி சிலத தவிர இப்படி பால் ஊத்தாது. பக்கத்துல கோல கங்சார்ல 1877ல நட்ட ரப்பர் கன்னுங்க பிரேசில்ல இருந்து வந்த வித, இங்க தொட்டியில இருக்குற காக்டஸும் அமெரிக்க கண்டத்து சரக்குதான், ஆக ரெண்டும் நம்மள மாதிரியே கடல் தாண்டி வந்ததுங்க. கொட்டகைக்கு பின்னாடி பக்காவலி ஒன்னு மொட்டோட நிக்குது, முள்ளு இல்லாத காக்டஸ் அது, ராத்திரி பூத்து விடியுறதுக்குள்ள வாடிடும், ஆறு மணிக்கே கேட்ட பூட்டுனா அத எங்க எடுக்குறது.

வாங்குறவங்களுக்கு ஒன்னு. தலையில செவப்பா, மஞ்சளா உருண்ட வச்ச குட்டி செடி 12 வெள்ளிக்கு விக்கிறாங்க, புள்ளைங்க அழுது வாங்கும். அந்த செவப்பு உருண்டையில பச்சையமே இல்ல, கீழ ஒட்டு போட்ட டிராகன் ஃப்ரூட் தண்டுதான் சோறு போடுது, தண்டு போச்சுன்னா மேல உள்ளதும் போச்சு. அந்த காசுக்கு சாதா பேரல் கன்னு வாங்குங்க, மண்ணுல பாதிக்கு மேல மணலும் கருக்குன உமியும் கலந்து வச்சா நிக்கும்.

சப்பாத்திக்கள்ளி பக்கத்துல முட்டி போடாதீங்க, பெரிய முள்ள விட அந்த மயிர் மாதிரி பொடி முள்ளுதான் ஆபத்து, செலோ டேப் ஒட்டி பிச்சாதான் வரும், நீள காற்சட்ட போட்டுகிட்டு போங்க. காடியில ஏர்கான் போட்டு போறவங்க கேமராவ பைய விட்டு உடனே எடுக்காதீங்க, லென்ஸ் பனி புடிச்சிடும், கால் மணி நேரம் விடுங்க. சாப்பாடு உள்ள கெடையாது, டவுன்லயே ரோட்டி சானாய் முடிச்சுட்டு போங்க. கடைசி ரெண்டு மைல் செம்பனை லாரி ஓடுற மண் ரோடு, மழை பேஞ்சா தாழ்வான காடி வேணாம். திங்கக்கிழமை லீவு. காசு கட்ட கியூஆர் இருக்கு, ஆனா அங்க ஃபோன் லைன் கெடைக்கிறதே இல்ல, சில்லற எடுத்துட்டு போயிடுங்க.