சார்ஜ்பேக் வந்துவிட்டால்: விட்டுக்கொடுப்பதா, எதிர்த்து நிற்பதா, முன்பே ரீஃபண்ட் கொடுத்துவிடுவதா?

ஆன்லைனில் புடவையோ நகையோ மசாலாவோ விற்று வெளிநாட்டுக்கு பார்சல் அனுப்புகிறவர்களுக்கு சார்ஜ்பேக் மெயில், அதாவது கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார் என்ற மெயில், என்றைக்காவது வந்தே தீரும். அது வரும்போது உங்களுக்கு வர வேண்டிய செட்டில்மென்ட்டிலிருந்து தொகையைப் பிடித்திருப்பார்கள், அதற்கு மேல் ஒரு கட்டணமும் போட்டிருப்பார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் தொகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்: பெரிய தொகையென்றால் சண்டை, சின்னதென்றால் போகட்டும். இது தப்பான வரிசை. முதலில் பார்க்க வேண்டியது ரீசன் கோடு, அதாவது புகாரின் காரணத்தைச் சொல்லும் எண். எந்த வழி எடுபடும் என்பதை அதுதான் சொல்லும்.

விசாவில் 10.4 என்றால் "இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை" என்று கார்டுக்காரர் சொல்கிறார். மாஸ்டர்கார்டில் அது 4837. விசாவின் 13.1 பொருள் வரவில்லை, 13.3 சொன்னபடி இல்லை அல்லது பழுது, 13.2 நிறுத்தச் சொன்ன சந்தாவுக்கும் பணம் எடுத்தது, 13.6 தருவதாகச் சொன்ன ரீஃபண்ட் வரவில்லை. மாஸ்டர்கார்டு இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலானவற்றை 4853 என்ற ஒரே கோடில் போட்டுவிடும். அங்கே கூட வரும் விளக்கத்தைப் படித்தால்தான் உண்மையான புகார் தெரியும்.

விட்டுக்கொடுப்பது

புகார் நியாயமானது என்றால் இதுதான் வழி. பார்சல் நிஜமாகவே தொலைந்திருக்கிறது, ரீஃபண்ட் தருவதாக மெயில் போட்டுவிட்டு மறந்திருக்கிறீர்கள், சந்தாவை நிறுத்தச் சொன்ன மெயில் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது என்றால் உங்களுக்காக கார்டுப் பணத்தை வாங்கித் தரும் கேட்வேயின் டேஷ்போர்டில் ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

இங்கேதான் பலரும் ஒரு குழியில் விழுகிறார்கள். சார்ஜ்பேக் பதிவான பிறகு வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தத் தனியாக ஒரு ரீஃபண்டும் போட்டுவிடுவார்கள். ஒரே தொகை இரண்டு முறை போய்விடும். திரும்பப் பெற, ரீஃபண்டின் தேதியையும் அதை அடையாளம் காட்டும் ஏ.ஆர்.என். எண்ணையும் காட்டி அதே சார்ஜ்பேக்கை எதிர்க்க வேண்டும். கெடு முடிந்திருந்தால் அந்தப் பணம் போனதுதான். சார்ஜ்பேக் மெயில் வந்த ஆர்டரில் ரீஃபண்ட் பட்டனைத் தொடவே கூடாது. வாடிக்கையாளர் சமாதானமாகிவிட்டால், புகாரை வாபஸ் வாங்கும்படி அவரையே தன் வங்கிக்கு எழுதச் சொல்லி, அதன் நகலை உங்கள் பதிலோடு இணைக்கலாம். அப்போதும் பதில் அனுப்பாமல் இருந்துவிடக் கூடாது.

முன்பே ரீஃபண்ட்

ஏற்றாலும் சரி, எதிர்த்து ஜெயித்தாலும் சரி, உங்கள் கணக்கில் ஒரு சார்ஜ்பேக் பதிவாகிவிட்டது. பணம் திரும்பி வந்ததால் அந்த எண்ணிக்கை குறைவதில்லை. மொத்த ஆர்டர்களில் சார்ஜ்பேக்குகளின் விகிதம் ஏறினால் கேட்வே பணத்தை நிறுத்தி வைக்கும், கடைசியில் கணக்கையே மூடும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் புகார் சார்ஜ்பேக்காக மாறுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு முக்கிய ஏற்பாடுகள் உண்டு. விசா தன் வெரிஃபை நிறுவனம் மூலம் தரும் ஆர்.டி.ஆர். என்ற சேவை தானாக இயங்குவது: "இந்தத் தொகைக்குக் கீழே, இந்தக் கோடு வந்தால் ரீஃபண்ட் கொடுத்துவிடு" என்று விதி எழுதிவைத்தால் போதும், நீங்கள் பார்ப்பதற்கு முன்பே விவகாரம் முடிந்திருக்கும். மாஸ்டர்கார்டின் எத்தோகா என்ற சேவை தானாக முடிக்காது, உங்களைக் கூப்பிடும்: வங்கியில் புகார் விழுந்ததும் அலர்ட் வரும், குறித்த மணி நேரத்துக்குள் நீங்களே ரீஃபண்ட் போட்டு, போட்டுவிட்டதாகப் பதிலும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலர்ட்டைப் பார்க்க ஆளில்லாத கடைக்கு இது வீண் செலவு.

இரண்டுக்கும் ஒவ்வொரு புகாருக்கும் கட்டணம் உண்டு. எதிர்த்திருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய கேஸும் இதில் கையைவிட்டுப் போகும். மோசடி என்று வங்கி அனுப்பிய அறிக்கையும் அழியாது. 2025-இல் வந்த விசாவின் கண்காணிப்புத் திட்டம் மோசடி அறிக்கைகளையும் தகராறுகளையும் சேர்த்தே எண்ணுகிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு சார்ஜ்பேக் வரும் கடைக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. குறைந்த விலையில் நிறைய விற்பவர்களுக்கும் சந்தா வியாபாரத்துக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

எதிர்ப்பது

விசாவில் 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள் என்பது உங்கள் தரப்பு வங்கிக்கான, அதாவது கடைக்காகப் பணம் வசூலிக்கும் வங்கிக்கான கெடு. கேட்வே தன் வேலைக்கு நாள் ஒதுக்கிக்கொண்டு உங்களுக்குத் தருவது அதைவிடக் குறைவு. டேஷ்போர்டில் இருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள். பதில் அனுப்புவது ஒரே முறைதான். "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பிறகு கேட்க முடியாது.

13.1-க்கு வேண்டியது டெலிவரி ஆதாரம்: டிராக்கிங் எண், டெலிவரி தேதி, ஆர்டரில் இருந்த அதே முகவரி. ஊர்ப் பெயர் மட்டும் காட்டும் டிராக்கிங் பக்கம் போதாது. முழு முகவரியும் கையெழுத்தும் உள்ள டெலிவரி ஆதாரத்தை கூரியரிடம் கேட்டு வாங்க வேண்டும். பல கூரியர் தளங்களில் பழைய டிராக்கிங் சில மாதங்களில் மறைந்துவிடும், ஆனால் சார்ஜ்பேக் 120 நாள் வரை வரலாம். அதனால் டெலிவரி ஆன அன்றே பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி ஆர்டரோடு போட்டு வையுங்கள்.

13.3-இல் பொருள் உங்களிடம் திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி. "படத்தில் மாம்பழ மஞ்சள், வந்தது எலுமிச்சை மஞ்சள்" என்று சொல்பவர் புடவையைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்ப முயன்றிருக்க வேண்டும். வாங்கிய நாளில் தளத்தில் இருந்த விவரணை, ரிட்டர்ன் முகவரியை நீங்கள் அனுப்பிய மெயில், அதற்குப் பதில் வராதது, இந்த மூன்றும் சேர்ந்தால் கேஸ் வலுவானது.

10.4-இல் டெலிவரி ஆதாரம் மட்டும் காட்டினால் தோற்பீர்கள். திருட்டு கார்டில் வாங்கியவனுக்கும் பார்சல் போய்ச் சேர்ந்திருக்கும்தானே. முதலில் 3டி செக்யூர், அதாவது ஓடிபி மாதிரி கார்டுக்காரரைச் சரிபார்க்கும் படி, நடந்ததா என்று பாருங்கள். அந்தச் சரிபார்ப்பின் முடிவைச் சொல்லும் ஈ.சி.ஐ. மதிப்பு விசாவில் 05, மாஸ்டர்கார்டில் 02 என்றிருந்தால் மோசடிப் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கியுடையது. அந்த மதிப்பைக் காட்டினாலே போதும். இந்திய கார்டுகளுக்கு ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு பெரும்பாலும் கட்டாயம் என்பதால் இந்த வகைப் புகார் பெரும்பாலும் வெளிநாட்டு கார்டிலிருந்துதான் வரும்.

3டி செக்யூர் நடக்கவில்லையென்றால், 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த 'கம்பெல்லிங் எவிடென்ஸ் 3.0' ஒரு வழி. அதே கார்டில், புகார் வந்த தேதிக்கு 120 நாளுக்கு முன்னும் 365 நாளுக்குள்ளும், மோசடிப் புகார் வராத இரண்டு பழைய ஆர்டர்கள் வேண்டும். தகராறான ஆர்டரோடு அவற்றில் குறைந்தது இரண்டு விவரம் ஒத்துப்போக வேண்டும், அதில் ஒன்று ஐபி முகவரியாகவோ சாதன அடையாளமாகவோ இருக்க வேண்டும். மற்றது லாகின் ஐடி, டெலிவரி முகவரி போன்றது. ஐபியையோ சாதன அடையாளத்தையோ சேமிக்காத கடைக்கு இந்தக் கதவு திறக்காது. முதல்முறை வாங்கியவர் என்றாலும் திறக்காது, அந்த 10.4-ஐ விட்டுவிடுவதே மேல்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்-இல் போடுங்கள். முதல் பக்கம் அரைப்பக்கக் கடிதம், புகாரின் வாசகத்துக்கு நேரான பதில் மட்டும். வங்கியில் படிப்பவர் லிங்க்கைத் திறக்க மாட்டார். தமிழ் வாட்ஸ்அப் உரையாடல் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். பத்துப் பக்க விதிமுறைகளை இணைப்பதைவிட, பொருந்தும் ஒரு வரியையும் வாங்குபவர் அதை டிக் செய்த நேரத்தையும் காட்டுவது மேல்.

அதற்கும் மேலே

கார்டு கொடுத்த வங்கி உங்கள் பதிலை மறுத்தால் ப்ரீ-ஆர்பிட்ரேஷன் என்ற அடுத்த சுற்று, அதன் பிறகு கார்டு நிறுவனமே தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன். தோற்றவர் தலையில் பல நூறு டாலர் கட்டணம் விழும். 5,000 ரூபாய்ப் புடவைக்கு இங்கே போவதில் அர்த்தமே இல்லை. லட்சக்கணக்கில் போன நகை ஆர்டர், 13.1 கோடு, கையில் கையெழுத்திட்ட டெலிவரி ஆதாரம் என்றால் போகலாம். அதையும் உங்கள் தரப்பு வங்கி ஒப்புக்கொண்ட பிறகுதான்.